பெருஞ்சுவரும் வீட்டுச் சுவரும்

“சீனம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது?” எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு நாள் சரித்திரம் கற்பிக்கும் சிஸ்டர் இவ்வாறு கேட்டார்கள். நாங்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே குரலில், “பெருஞ்சுவர்!” என்றோம். சிஸ்டர் புன்னகை செய்து, “சரி, அந்தச் சுவரா சீனத்தைக் காத்தது?” என்று மறு கேள்வி போட்டார்கள். நாங்கள் விழித்தோம். விடையைத் தேடி நூலகத்துக்குச் சென்று, மதிய இடைவேளைகளில் கூடிப் படித்தோம். படித்தவற்றுள் எங்கள் உள்ளத்தைத் தொட்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மஞ்சள் ஆற்றின் மடியில்

எகிப்துக்கு நைல் எப்படியோ, அப்படியே சீனத்துக்கு ஹுவாங் ஹோ என்னும் மஞ்சள் ஆறு. 5,400 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த ஆறு, வழியிலுள்ள மென்மையான மஞ்சள் வண்டல் மண்ணை அரித்துக்கொண்டு வருவதால் இப்பெயர் பெற்றது. அந்த வண்டல் வயலுக்கு உரமாயிற்று. ஆனால் அதே வண்டல் ஆற்றின் அடியில் படிந்து மேடிட, வெள்ளம் கரை புரண்டு ஊர்களை அழித்தது. ஆகவே, “சீனத்தின் துயரம்” என்றும் இதனை அழைத்தனர். பெருவெள்ளத்தை வாய்க்கால்கள் வெட்டி வடியச் செய்த யூ என்னும் மன்னன், பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தான் என்றும், மூன்று முறை தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையவில்லை என்றும் ஒரு பழங்கதை உண்டு. ஆள்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று சீன மக்கள் எண்ணினார்கள் என்பதை இக்கதை காட்டுகிறது.

கதை நீங்கிச் சரித்திரம் தொடங்குவது ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 1046 வரை ஆண்ட ஷாங் மரபினர் காலத்தில்தான். அவர்கள் வெண்கல வார்ப்பில் வல்லவர்கள். மழை வருமா, போரில் வெற்றி கிட்டுமா என்ற கேள்விகளை மாட்டின் தோள் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் பொறித்தார்கள். அந்த எலும்பைச் சூடு காட்டி, அதில் தோன்றும் விரிசலைக் கொண்டு குறி பார்த்தார்கள். 1899ஆம் ஆண்டில்தான் வாங் யிரோங் என்னும் அறிஞர் இவ்வெலும்புகளின் மேல் இருப்பவை பழைய எழுத்துகள் என்று கண்டார். இன்றைய சீன எழுத்து அவற்றின் வழி வந்ததே.

அவ்வெலும்புகளில் ஃபூ ஹாவ் என்னும் அரசியின் பெயர் அடிக்கடி வருகிறது. பதின்மூவாயிரம் வீரர்கள் கொண்ட படையை அவள் நடத்திச் சென்றாள் என்று ஓர் எலும்பு சொல்கிறது! 1976ஆம் ஆண்டில் ஆன்யாங் நகருக்கு அருகே அவளுடைய கல்லறை, கள்வர் கை படாமல் அப்படியே கிடைத்தது. நானூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் அதில் இருந்தன. அந்த அகழாய்வை நடத்தியவர் செங் சென்சியாங் என்னும் பெண்மணி என்பதை அறிந்து நாங்கள் மகிழ்ந்தோம்.

முதற் பேரரசன்

ஷாங் மரபுக்குப் பின் சௌ மரபினர் ஆண்டனர். அவர்கள் காலத்தில்தான் கன்பூசியஸ் (கி.மு. 551–479) வாழ்ந்தார். பெற்றோரை மதித்தலும், அறவழியில் ஆளுதலும், இடையறாது கற்றலும் அவர் போதனையின் சாரம். காலப்போக்கில் சௌ மன்னரின் பிடி தளர்ந்தது. சிற்றரசர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தம்முள் போரிட்டு மடிந்தனர்.

இறுதியில் வென்றவன் சின் நாட்டு மன்னன். பதின்மூன்றாம் வயதில் அரியணை ஏறிய அவன், கி.மு. 221ஆம் ஆண்டில் எல்லா நாடுகளையும் அடக்கி, ஷி ஹுவாங் டி, அதாவது “முதற் பேரரசன்” என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டான். அவன் செய்த நன்மைகளை மறைக்க முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே எழுத்து, ஒரே நிறை, ஒரே அளவு, ஒரே நாணயம் ஆகியவற்றை ஏற்படுத்தினான். வண்டிகளின் அச்சு அகலத்தைக்கூட ஒன்றாக்கினான். வடக்கே இருந்து வந்த குதிரை வீரர்களைத் தடுக்க, முன்பே இருந்த சுவர்களை இணைத்தும் நீட்டியும் நெடுஞ்சுவர் எழுப்பினான். அது பெரும்பாலும் மண்ணை இடித்து இறுக்கிக் கட்டியது. இன்று படங்களில் நாம் காணும் செங்கற்சுவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னால் மிங் மரபினர் கட்டியது.

தன் கல்லறையைக் காக்கவும் ஒரு படையை நிறுத்தினான். சியான் நகருக்கு அருகே 1974ஆம் ஆண்டில் கிணறு தோண்டிய உழவர்கள் அதைக் கண்டனர். ஏறக்குறைய எட்டாயிரம் சுடுமண் வீரர்கள், ஒரு முகம் போல் மறு முகம் இல்லாமல் அணிவகுத்து நிற்கிறார்கள்!

எரிந்த ஏடுகள்

அக்காலத்தில் காகிதம் இல்லை. மூங்கிலை மெல்லிய பட்டைகளாகச் சீவி, அவற்றில் தூரிகையால் எழுதி, கயிற்றால் கோத்துச் சுருட்டி வைத்தார்கள். ஒரு நூல் என்றால் ஒரு வண்டிச் சுமை. முதற் பேரரசன் நாள்தோறும் ஏறத்தாழ முப்பது கிலோ எடையுள்ள ஓலைகளைப் படித்து முடிக்காமல் உறங்கச் செல்வதில்லை என்பார்கள்.

இத்தனை படித்த மன்னன்தான், கி.மு. 213ஆம் ஆண்டில் நூல்களை எரிக்க ஆணையிட்டான்! பழங்கால மன்னர்களைப் புகழ்ந்து பேசி அறிஞர்கள் இக்கால ஆட்சியைக் குறை கூறுகிறார்கள் என்று அமைச்சன் லி சு சொன்னதே காரணம். மருத்துவம், குறி பார்த்தல், வேளாண்மை ஆகியவை பற்றிய நூல்கள் மட்டும் தப்பின. மக்கள் வைத்திருந்த பழைய பாடல்களும் பிற நாடுகளின் வரலாறுகளும் தீக்கு இரையாயின. அந்நூல்களைப் பற்றிப் பேசுவோருக்கு மரண தண்டனை.

தன்னிலிருந்தே சரித்திரம் தொடங்க வேண்டும், தன் மரபு பதினாயிரம் தலைமுறை ஆள வேண்டும் என்று அவன் கனவு கண்டான். நடந்தது என்ன? கி.மு. 210இல் அவன் இறந்தான். அடுத்த ஆண்டே வட எல்லைக் காவலுக்கு அனுப்பப்பட்ட ஏழை உழவர்கள், மழையால் வழியில் தாமதப்பட்டனர். தாமதத்துக்குத் தண்டனை மரணம் என்பதால், எப்படியும் சாவுதான் என்று துணிந்து கலகம் செய்தனர். அந்தத் தீ நாடெங்கும் பரவியது. பேரரசு நிறுவிப் பதினைந்தே ஆண்டுகளில் சின் மரபு அழிந்தது. பகைவன் சுவரைத் தாண்டி வரவில்லை. சுவரைக் காக்க அனுப்பப்பட்டவர்களே எழுந்தார்கள்!

வீட்டுச் சுவர்

ஃபூ ஷெங் என்று ஓர் அறிஞர் இருந்தார். ஏடுகளை எரிக்க ஆணை பிறந்தபோது, பழம்பெரும் அரசர்களின் உரைகள் அடங்கிய நூலைத் தம் வீட்டுச் சுவருக்குள் ஒளித்து வைத்தார். பின்னர் போர் மூண்டது. ஊரை விட்டு ஓடினார். அமைதி திரும்பியதும் வந்து சுவரைத் திறந்து பார்த்தார். பல பகுதிகள் அழிந்து போயிருந்தன. இருபத்தொன்பது மட்டும் மிஞ்சின. அவற்றை வைத்து மாணவர்களுக்குக் கற்பித்தார்.

ஹான் மரபைச் சேர்ந்த வென் பேரரசன் அந்நூலை அறிந்தவரைத் தேடியபோது, ஃபூ ஷெங்குக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அரண்மனைக்குச் செல்ல இயலவில்லை. எனவே கேட்டு எழுத ஓர் அதிகாரியை அவரிடமே அனுப்பினார்கள். முதியவரின் தளர்ந்த பேச்சு அதிகாரிக்குப் புரியவில்லையாம். அப்போது அவருடைய மகள் அருகே அமர்ந்து, தந்தை சொல்வதைக் கேட்டு எடுத்துச் சொன்னாள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பேரரசன் எரித்ததை ஒரு வீட்டுச் சுவரும், ஒரு கிழவரின் நினைவும், ஒரு மகளின் செவியும் காத்தன! இதைப் படித்தபோது எங்களுள் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹான் மரபில் வூ பேரரசன் காலத்தில் வாழ்ந்த சிமா சியென் என்பவரையும் மறக்க இயலாது. தோல்வியுற்ற ஒரு தளபதிக்காகப் பரிந்து பேசியதால் மன்னனின் சினத்துக்கு ஆளாகி, உடலைச் சிதைக்கும் இழிவான தண்டனையை அனுபவித்தார். மானத்துக்காக உயிரை விடலாமே என்று பிறர் எண்ணினர். அவரோ, தந்தை தொடங்கிய வரலாற்று நூலை முடிக்கவே உயிர் வாழ்ந்தார். நூற்று முப்பது இயல்கள் கொண்ட அந்நூலை, பின்னாளில் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் உலகறியச் செய்தான். ஷி ஹுவாங் டியைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி அந்நூல் தந்ததே. மன்னன் சரித்திரத்தை எரித்தான்; சரித்திரமோ அவனையும் சேர்த்தே காத்தது.

காகிதமும் ஒரு மாணவியும்

கி.பி. 105ஆம் ஆண்டில் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி, மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையை மன்னனிடம் சமர்ப்பித்தார். அதற்கு முன்பே முரட்டுக் காகிதம் இருந்தது என்று அகழாய்வுகள் காட்டுகின்றன. அதனை எழுதுவதற்கு ஏற்றதாக, எளிதில் செய்யத் தக்கதாக ஆக்கிய பெருமை சாய் லுன்னுக்கு உரியது. நாரை ஊற வைத்து, வேக வைத்து, இடித்துக் கூழாக்கி, நீரில் கலக்க வேண்டும். பிறகு சல்லடை போன்ற தட்டால் அள்ளினால் நீர் வடிந்து நார் மட்டும் மெல்லிய படலமாகத் தங்கும். அதை உலர்த்தினால் காகிதம். எறியும் கந்தலிலிருந்து ஏடு!

அப்போது அரசியாக இருந்தவள் டெங் என்னும் மங்கை. சிறுமியாக இருந்தபோது எந்நேரமும் படித்துக்கொண்டிருந்ததால், “வீட்டு வேலை கற்காமல் நீ என்ன பண்டிதர் ஆகப் போகிறாயா?” என்று தாய் கடிந்தாளாம். அதனால் பகலில் வீட்டு வேலையும் இரவில் படிப்புமாக இருந்தாள். வீட்டார் அவளை “மாணவர்” என்றே கேலியாக அழைத்தனர். (எங்கள் வீடுகளிலும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்!) அவள் அரசியானதும், விலையுயர்ந்த காணிக்கைகள் வேண்டாம், காகிதமும் மையும் போதும் என்றாள்.

அரண்மனையில் அவளுக்கு ஆசிரியையாக விளங்கியவர் பான் சாவ் அம்மையார். அவருடைய அண்ணன் பான் கு, ஹான் மரபின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே கி.பி. 92இல் சிறையில் இறந்தார். குறை கிடந்த நூலை முடிக்கும் பொறுப்பைப் பேரரசன் தங்கையிடம் ஒப்படைத்தான். பெண்களுக்கென்று அம்மையார் எழுதிய அறிவுரை நூலில் பணிவையே மிக வற்புறுத்தியிருப்பதை இன்று நாம் அப்படியே ஏற்க இயலாது. ஆயினும், எட்டு வயதில் ஆண் பிள்ளைக்குக் கல்வி தருகிறீர்களே, பெண் பிள்ளைக்கு ஏன் தரவில்லை என்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அவர்.

பான் குவும் பான் சாவும் எழுதிய அந்த வரலாற்றில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. பொன்னும் பட்டும் கொண்டு கடல் வழியே சென்று, முத்தும் மணியும் வாங்கி வந்த ஹுவாங்சி என்னும் நாட்டை அது குறிப்பிடுகிறது. அது நம் காஞ்சிபுரமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

உலகுக்கு வந்த கொடைகள்

சீனம் தந்த பிற செல்வங்களையும் சுருக்கமாகக் கூறுகிறோம். பட்டு நெய்தலைப் பல நூற்றாண்டுகள் அவர்கள் இரகசியமாகக் காத்தனர், கி.பி. 550ஐ ஒட்டித் துறவியர் சிலர் பட்டுப்புழு முட்டைகளைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டு சேர்த்தனர். கி.பி. 132இல் சாங் ஹெங் என்பவர் நிலநடுக்கம் அறியும் கருவி செய்தார். எட்டுத் திசைகளில் எட்டு வெண்கல நாகங்கள். எந்தத் திசையில் நிலம் அதிர்ந்ததோ, அந்த நாகத்தின் வாயிலிருந்து உருண்டை கீழே உள்ள தேரையின் வாயில் விழும். திசைகாட்டி, வெடிமருந்து, அச்சு ஆகியனவும் பிற்காலச் சீனர் தந்தவையே. கி.பி. 868 என்று ஆண்டு பொறித்த அச்சு நூல் ஒன்று துன்ஹுவாங் குகையில் கிடைத்து, இன்று இலண்டனில் உள்ளது. காகிதமோ சமர்கண்ட், பாக்தாத் வழியாக நடந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் செய்யப்படலாயிற்று. எந்தச் சுவரும் அதைத் தடுக்கவில்லை.

எங்கள் விடை

இப்போது சிஸ்டரின் கேள்விக்கு விடை கூறுகிறோம். சீனத்தைக் காத்தது பெருஞ்சுவர் மட்டும் அன்று. ஒளித்து வைத்தவரும், நினைவில் வைத்தவரும், கேட்டுச் சொன்னவரும், எழுதி முடித்தவருமே அதன் மெய்யான அரண்.

இதை எழுதி முடித்த அன்று எங்கள் தோழி ஒருத்தி, “என் பாட்டிக்கு எழுபது பாட்டுக்கு மேல் தெரியும், ஒன்றுகூட எழுதி வைக்கவில்லை, இப்போது பேச்சும் குழறுகிறது” என்றாள். நாங்கள் எல்லாரும் சற்று நேரம் மௌனமானோம். பிறகு நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினோம். வாரம் ஒருத்தி அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பெரியவர் ஒருவர் சொல்வதைக் கேட்டு எழுதி வர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பக்கத்தில் அந்தப் பாட்டியின் தாலாட்டு இருக்கிறது.

அன்புத் தோழியரே! பெருஞ்சுவர் கட்ட மன்னர் வேண்டும். ஏட்டைக் காக்க ஒரு மகள் போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது அருகே அமருங்கள். கையில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.