கண்ணீர் வாயில்

செங்கடலின் தென்கோடியிலுள்ள ஜலசந்திக்குப் பாப்-எல்-மண்டெப் என்று பெயர். அராபிய மொழியில் 'கண்ணீர் வாயில்' என்று பொருள். காஸா யுத்தத்தைக் காரணம் காட்டி, யெமன் தேசத்து ஹூத்திக் கலகக்காரர்கள் 2023 நவம்பர் முதல் அவ்வழிச் சென்ற வர்த்தகக் கப்பல்களைத் தாக்கலானார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் யெமன்மீது குண்டு பொழிந்தன. ஆயினும் தாக்குதல் ஓயவில்லை. 2025 ஜூலையிலும் இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

2024 மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பல் தீப்பற்றி மூவர் மாண்டனர். 21 பேரை நமது 'கொல்கத்தா' யுத்தக் கப்பல் மீட்டு ஜிபூட்டியில் கரை சேர்த்தது. யாருடைய சண்டைக்கோ கூலிக்குக் கப்பலோட்டும் மாலுமி ஏன் உயிர் கொடுக்க வேண்டும்? குண்டு வீசுவது வல்லரசுகளுக்கு எளிது; தத்தளிப்பவனுக்குக் கை கொடுத்ததையே நாம் பெருமையாகக் கொள்கிறோம்.