காலேஜுக்குப் போன பிள்ளை ஏன் மாறுகிறது?

"காலேஜுக்குப் போனதிலிருந்து ஆளே மாறிட்டான்" என்ற பேச்சு நம் வீடுகளில் புகாராகவும் வரும், பெருமையாகவும் வரும். விருந்தாளி வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பெண், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வங்கிக்குப் போய்க் கல்விக்கடன் பற்றி மேலாளரிடம் தானே பேசிவிட்டு வருகிறாள். அப்பாவுக்கு மறுபேச்சே பேசாத பையன், அன்றைய செய்தியை வைத்துக்கொண்டு அவரோடு வாதாடுகிறான். இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: ஒன்று, படித்த படிப்பு, மற்றொன்று, வயசு. இரண்டுமே போதாது. கல்லூரி ஒருவரை எப்படி மாற்றுகிறது என்பதை ஏறத்தாழ 90 ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளில் முக்கியமான சிலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். மாணவரின் சுபாவத்தையும் பழகும் திறனையும் மாற்றுவதில் பாடத்திட்டத்தின் பங்கு குறைவு. முன்பின் அறியாத மனிதர்களோடு, தானே முடிவெடுத்து, தினமும் வாழ நேர்வதன் பங்கு அதிகம். அப்படியானால், மாணவருக்குத் தரக்கூடிய பெரிய நன்மையை நம் கல்லூரிகளில் பல தாங்களே தடுத்து வைத்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் 'ஹில்டா' என்ற பெயரில் ஒரு கணக்கெடுப்பு 2001 முதல் நடக்கிறது. அதே குடும்பங்களை ஆண்டுதோறும் சந்தித்து, வேலை, வருமானம், உடல்நலம், மனநிலை எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். அந்தத் தரவிலிருந்து 575 பதின்வயதினரை எடுத்து, எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள் காசன்போமர், லியூங், ஷூரர் என்ற மூன்று பொருளியலாளர்கள். சுபாவத்தை உளவியலாளர்கள் ஐந்து அளவுகோல்களால் அளப்பது வழக்கம்: கலகலப்பாகப் பழகுவது, பிறரோடு இணங்கிப் போவது, பொறுப்பாக நடப்பது, மனம் கலங்காமல் இருப்பது, புதியவற்றுக்கு இடம் கொடுப்பது. பல்கலைக்கழகம் போனவர்களிடம் கலகலப்பு கூடியிருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அதோடு சேர்ந்து இணக்கமும் கூடியிருந்தது. எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் எவ்வளவு தரம் என்பவற்றைவிட, பல்கலைக்கழக வாழ்க்கைக்குள் இருந்ததே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் வந்த முடிவு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நாலு பேரோடு பழகும் வாய்ப்பு கல்லூரி இல்லாவிட்டாலும் கிடைத்துவிடும். முதல் பட்டதாரிக்கு அதைத் தரும் இடம் பெரும்பாலும் கல்லூரி ஒன்றுதான்.

"வயசானால் எல்லாருக்கும் பக்குவம் வரும், இதில் கல்லூரி என்ன செய்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 18 வயதிலிருந்து 25 வரை மனிதர்கள் எங்கே இருந்தாலும் மாறத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்தத் திசையில் மாறுகிறார்கள் என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஜெர்மனியில் ராணுவப் பயிற்சிக்குப் போன இளைஞர்களையும் அதற்குப் பதிலாகக் குடிமைச் சேவை செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. பயிற்சிக்கு முன்பே இருந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும், ராணுவம் போனவர்களிடம் இணக்கம் குறைவாக இருந்தது. பயிற்சி முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்த இடைவெளி மறையவில்லை. வயது ஒன்று, இடம் வேறு, விளைவும் வேறு. அதே நாட்டில் 2011-ல் வெளியான மற்றோர் ஆய்வு, கல்லூரியைத் தூக்கிப் பேசுபவர்களையும் அடக்கிவைக்கும். பள்ளி முடித்துத் தொழிற்பயிற்சிக்கும் வேலைக்கும் போனவர்களிடம், பல்கலைக்கழகம் போனவர்களைவிடப் பொறுப்புணர்வு அதிகமாக வளர்ந்திருந்தது. நேரத்துக்கு வந்தாக வேண்டும், செய்த வேலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வரும்போது பொறுப்பு வருகிறது. கல்லூரியும் அந்த நிலையை உண்டாக்கினால் அங்கேயும் பொறுப்பு வளரும். உண்டாக்காவிட்டால், பட்டம் வாங்கிய பிறகும் அம்மா எழுப்பினால்தான் விடியும்.

இந்த விஷயத்தில் மிகப் பழைய, இன்றும் படிக்கத் தகுந்த ஆய்வு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்தது. அங்கே 1932-ல் திறக்கப்பட்ட பென்னிங்டன் கல்லூரி அப்போது பெண்களுக்கானது. கட்டணம் அதிகம் என்பதால் பணக்கார, பழமைவாதக் குடும்பங்களின் பெண்களே பெரும்பாலும் சேர்ந்தார்கள். அங்கே பாடம் நடத்திய தியடோர் நியூகோம் என்ற உளவியலாளர் 1935 முதல் 1939 வரை அவர்களுடைய கருத்துகளைத் தொடர்ந்து பதிவு செய்தார். 1936 அதிபர் தேர்தலின்போது யாருக்கு ஆதரவு என்று கேட்டபோது, முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் பழமைவாத வேட்பாளர் லாண்டனைச் சொன்னார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளில் அவரைச் சொன்னவர்கள் வெறும் 15 சதவீதம். ஆசிரியரும் மாணவியரும் கலந்து பழகிய சின்னக் கல்லூரி அது. பொருளாதார மந்தநிலையின் காலம் வேறு. வேலையின்மையும் தொழிலாளர் உரிமையும்தான் பேச்சு. ஆனாலும் எல்லோரும் மாறிவிடவில்லை. கல்லூரிப் பொதுவாழ்வில் கலந்துகொண்டவர்கள் மாறினார்கள். தங்களைப் போன்றவர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டவர்களும், வீட்டின் பிடியிலிருந்து மனத்தளவில் வெளியே வராதவர்களும் அப்படியே இருந்தார்கள். அதே வகுப்பு, அதே புத்தகம், அதே ஆசிரியர்கள். யாரோடு பழகினார்கள் என்பதில்தான் வித்தியாசம். 1960-களிலும் 1984-லும் அந்தப் பெண்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் கேட்டார்கள். பெரும்பாலோர் கல்லூரியில் வந்தடைந்த நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் இருந்தது தெரிந்தது.

சரி, பாடம் எதையும் செய்வதில்லையா? அறிவைத் தருகிறது, ஆனால் யோசிக்கும் முறையை மாற்றுமா என்பது சந்தேகம். சீனா, இந்தியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் கணினி அறிவியலும் மின்பொறியியலும் படிக்கும் பல்லாயிரம் மாணவர்களைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2021-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்தது. நம் மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் பாட அறிவில் முன்னேறியிருந்தார்கள். ஆனால் ஒரு வாதத்தை எடைபோட்டு, சரி எது, சப்பைக்கட்டு எது என்று பிரித்துப் பார்க்கும் திறனில், அமெரிக்க மாணவர்களைப் போல அவர்கள் நான்கு ஆண்டுகளில் வளரவில்லை. இந்தக் குறை ஆட்சியாளர்களுக்கும் தெரியாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வாழ்க்கைத் திறன்களுக்கென்றே ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதனால் பலர் வேலைக்குத் தயாராகிறார்கள்; அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தலைமைப் பண்பு என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டு, அதற்கு மனப்பாடமாக எழுதிய பதிலைத் திருத்தி, இன்டர்னல் மார்க் போடுவதால் அந்தப் பண்பு வந்துவிடும் என்று நம்புவது வீண். நீந்தக் கற்றுக்கொள்ளத் தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

எங்கே இறங்குவது என்பதற்கு நம் மண்ணிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் 'டிவைடிங் சிஸ்டம்' மெஸ் உண்டு. மாதத்தில் ஆன மொத்தச் செலவை, சாப்பிட்டவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் முறை. மாணவர் பிரதிநிதிகளே இதை நடத்தும் விடுதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 19 வயதுப் பையன் விடியற்காலையில் மார்க்கெட்டில் நிற்கிறான். தக்காளி விலை ஏறிக் கிடக்கிறது. ரசத்தில் குறைப்பதா, சட்னியை நிறுத்துவதா என்று சமையல் மாஸ்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த மாஸ்டருக்கு வயது 50 இருக்கும். அதட்டினால் வேலை நடக்காது, கெஞ்சினாலும் நடக்காது. மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டும், ரசீதை ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் தலைக்கு நூறு ரூபாய் கூடிவிட்டால், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மொத்த விடுதியும் சூழ்ந்துகொண்டு கணக்குக் கேட்கும். கேட்பவர்களில் அந்த நூறு ரூபாயைப் பொருட்படுத்தாதவனும் இருப்பான், அதற்காக ஊருக்குப் போன் போட வேண்டியவனும் இருப்பான். இரண்டு பேருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, அடுத்த மாதம் குறைத்துக் காட்டியவனுக்குப் பேரம் பேசுவதும் கணக்கு வைப்பதும் வசவு வாங்கிக்கொண்டு நிதானம் இழக்காமல் இருப்பதும் பழகிவிடும். பழகும் திறன் என்று நேர்முகத் தேர்வுகளில் எதைத் தேடுகிறார்களோ, அது இப்படித்தான் உருவாகிறது. மெஸ்ஸை ஒப்பந்தக்காரரிடம் விட்டால் நிர்வாகத்துக்குத் தொல்லை குறையும். மாணவர்கள் வரிசையில் நின்று தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

பெற்றோரின் பெரிய பயம் வேறு: சேர்க்கை. பிள்ளை கெட்டவர்களோடு சேர்ந்துவிட்டால்? இந்தப் பயத்தை ஆய்வுகள் பொய் என்று சொல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறைத்தோழர்களைக் குலுக்கல் முறைபோல ஒதுக்கியபோது, பள்ளிக் காலத்திலேயே குடிப்பழக்கம் இருந்தவரோடு தங்க நேர்ந்த ஆண் மாணவர்களின் மதிப்பெண் சராசரி குறைந்ததாக கிரெமர், லெவி என்ற இருவர் காட்டினார்கள். அதே முறையை வைத்துச் செய்த வேறோர் ஆய்வில், கறுப்பின மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்ட வெள்ளை மாணவர்கள் பிற்காலத்தில் இட ஒதுக்கீடு போன்ற ஏற்பாடுகளை அதிகமாக ஆதரித்தார்கள். பிற இனத்தவரோடு இயல்பாகப் பழகினார்கள். சேர்க்கைக்கு வலிமை உண்டு என்பதையே இரண்டும் சொல்கின்றன. நாம் கவனிக்க வேண்டியது, அந்த நல்ல விளைவு குலுக்கலால் வந்தது என்பதை. பிள்ளைகள் தாங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தால் தம் ஊர், தம் சாதி, தம் பள்ளி என்றே பெரும்பாலும் போயிருப்பார்கள். சாதி பார்த்து அறை கேட்கும் பழக்கம் நம் விடுதிகளில் இன்னும் ஒழியவில்லை. அங்கே நிர்வாகம் உறுதியாகக் கலந்து ஒதுக்குவதுதான் கல்வி. ராகிங்கையும் போதையையும் தடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்ய முடியாதபோது எல்லோரையும் பூட்டிவைப்பது கையாலாகாத்தனம்.

அந்தப் பூட்டைத்தான் நம் தனியார் பொறியியல் கல்லூரிகள் சில ஒழுக்கம் என்று விளம்பரம் செய்கின்றன. பேருந்தில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். வளாகத்தில் ஆணும் பெண்ணும் பேசினால் அடையாள அட்டை பறிமுதல், வீட்டுக்குப் போன். வகுப்பு முடிந்ததும் வரிசையாக நிற்கும் பேருந்துகள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அதன்பின் நூலகத்திலோ மைதானத்திலோ மன்றக் கூட்டத்திலோ ஆள் இருக்காது. மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு பரிந்துரைத்து, உச்ச நீதிமன்றமும் 2006-ல் அதைப் பின்பற்றச் சொன்னது. இருந்தும் பல கல்லூரிகளில் வாக்குப்பெட்டியையே காணோம். பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம், குறிப்பாகப் பெண்களுக்காக, என்பார்கள். நான்கு ஆண்டுகள் ஓர் ஆணிடம் பாடச் சந்தேகம்கூடக் கேட்கவிடாமல் வைத்து, ஐந்தாம் ஆண்டு ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில் குழுத் தலைவியாக இருக்கச் சொல்வதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? 2021-22 கணக்கின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இத்தனை பிள்ளைகளை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த மாநிலம், உள்ளே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

விடுதியில் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கும் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஏழு நாள் முகாமில், ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்து, வாய்க்காலைத் தூர்வாரி, வீடு வீடாகப் போய் விவரம் கேட்கும்போது, கதவைத் திறந்த பாட்டியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்காது. மாணவரே கண்டுபிடித்தாக வேண்டும். சான்றிதழுக்காகப் படம் எடுத்துவிட்டுக் கலைந்துபோகும் முகாம்களும் உண்டு. அதற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கவுன்சலிங்குக்கு முன் கல்லூரிகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, 'பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம்?' அதைக் கேளுங்கள். பணம் போடுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நூலகம் திறந்திருக்கிறதா, விடுதி அறைகளை எப்படி ஒதுக்குகிறார்கள், மாணவர் பேரவைக்குத் தேர்தல் உண்டா, மெஸ் கணக்கை யார் பார்க்கிறார்கள், கடைசியாக நலப்பணி முகாம் எந்த ஊரில் நடந்தது என்று கேளுங்கள். அலுவலக அறையில் கேட்டுவிட்டு, வெளியே வந்து அங்கே படிக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகும் கல்லூரியில் உங்கள் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.