அம்மாவை ஒளித்துவைத்து எடுத்த போட்டோ... தெரியுமா?

இரண்டு பேரைப் பக்கத்தில் நிற்க வைத்து யார் வேண்டுமானாலும் போட்டோ எடுத்துவிடலாம். அவர்களுக்கு நடுவே இருக்கும் பாசத்தையும் பிணக்கையும் சேர்த்து எடுக்க முடியுமா? எடுத்திருக்கிறார்கள்!

● 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் படம் பதிவாகப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தை சும்மா இருக்குமா? அம்மாவைத் தலையோடு துணி போட்டு மூடி, மடியில் பிள்ளையை உட்காரவைத்து எடுத்தார்கள்! உற்றுப் பார்த்தால், பிள்ளையைப் பிடித்திருக்கும் கை மட்டும் சில படங்களில் எட்டிப்பார்க்கும்!

● 1936, கலிபோர்னியா. பஞ்சம் பிழைக்க வந்த தாய் ஒருத்தியை டொரோத்தியா லாங்கே படமெடுத்தார். தோளில் சாய்ந்த இரண்டு பிள்ளைகளும் கேமராவுக்கு முதுகு காட்டுகிறார்கள். முகமே தெரியாத பிள்ளைகள்தான் அந்தத் தாயின் கவலையை நமக்குச் சொல்கிறார்கள்!

● டயான் ஆர்பஸ் எடுத்த இரட்டைச் சகோதரிகள் படத்தில் ஒரே உடை, ஒரே தலைப்பட்டை, ஒட்டி நிற்கும் தோள்கள். ஆனால் ஒருத்தி முகத்தில் லேசான சிரிப்பு, இன்னொருத்தி முகத்தில் இறுக்கம்! அச்சு அசலான இருவர், ஆனாலும் வேறு வேறு ஆட்கள்!

● நிக்கோலஸ் நிக்ஸன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் 2022 வரை வருடத்துக்கு ஒரு படமாக வெளியிட்டார். நால்வரும் நிற்கும் வரிசை ஒருமுறைகூட மாறவில்லை! மாறியது வயதும், யார் யார்மீது கை போட்டிருக்கிறார்கள் என்பதும்தான்!

● 1980 டிசம்பர் 8. பாடகர் ஜான் லெனான், யோகோ ஓனோ தம்பதியை ஆனி லீபோவிட்ஸ் படமெடுத்தார். ஆடையில்லாமல் லெனான், முழு ஆடையில் இருக்கும் மனைவியைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு கிடக்கிறார். 'எங்கள் உறவு இதேதான்' என்று அவரே பாராட்டினாராம். அன்று இரவே சுட்டுக் கொல்லப்பட்டார்!

● கனடாவின் புகைப்படக் கலைஞர் உல்ரிக் கொலெட் அம்மாவின் பாதி முகத்தையும் மகளின் பாதி முகத்தையும் ஒட்டி ஒரே முகமாக்குகிறார். இரண்டு முகங்களும் எங்கே சேர்கின்றன என்று தேட வேண்டியிருக்கிறது!

● ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் அப்பா உம்ராவ் சிங் கேமராப் பிரியர். அவர் எடுத்த பழைய படங்களை, பேரன் விவான் சுந்தரம் கம்ப்யூட்டரில் இணைத்து, வெவ்வேறு காலத்தில் எடுக்கப்பட்டவர்களை ஒரே ஃபிரேமில் சேர்த்துவைத்தார்!

கவனித்தீர்களா? இவற்றில் உறவைச் சொல்வது பெரும்பாலும் சிரிப்பு அல்ல. கையும், இடைவெளியும், பார்வையும்தான். அடுத்த முறை பாட்டியையும் பேத்தியையும் எடுக்கும்போது, "கேமராவைப் பாருங்க, சிரிங்க" என்று சொல்லாதீர்கள். இரண்டு முகமும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி உட்காரவைத்து, பேசவிட்டு எடுங்கள். மறக்காமல் பிரின்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்!