வேனுக்குள் ஒரு வீடு!

"வெளிநாட்டுல புருஷனும் பொண்டாட்டியுமா வேனுக்குள்ளயே படுக்கை போட்டு, அடுப்பு வெச்சு, கடலோரமாவே ஊர் ஊராப் போறாங்க. நீங்களும் இருக்கீங்களே..." என்று என் மனைவி ஒருநாள் ஆரம்பித்தாள். 'இருக்கீங்களே' என்று பாதியில் நிற்கும் வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகாதவர்கள் கொஞ்ச நாள் பொறுக்கவும்!

எங்களிடம் இருந்தது இருபது வருஷத்துப் பழைய ஆம்னி. பின்சீட்டைக் கழற்றி மெத்தையைப் போட்டேன். ஜன்னலுக்கு அவளுடைய பழைய புடவை. பம்ப் ஸ்டவ், தண்ணீர் கேன், பத்து கிலோ அரிசி ("ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?" "இருக்கட்டும்!"), கணக்கு எழுத ஒரு நோட்டு. 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை காலை, நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம். திட்டம்: உவரி, மணப்பாடு, குலசேகரப்பட்டினம், திருச்செந்தூர். நாலு ஊர், ரெண்டு நாள்.

உவரியிலேயே முதல் அடி. 'கடலைப் பார்த்தபடி காபி' என்று ஆசைப்பட்டு வேனை மணலில் இறக்கினேன். சக்கரம் பாதி புதைந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் ஆறு பேர் எழுந்து வந்து, "ஏலேலோ" கூடப் போடாமல் ஒரே மூச்சில் தள்ளி ரோட்டில் விட்டார்கள். தினம் படகு தள்ளுகிற கை! காசு நீட்டினேன். "அண்ணாச்சி, அடுத்த தடவை மணல்ல இறங்குமுன்ன எங்களைக் கேளுங்க" என்பதோடு சரி.

ராத்திரி மணப்பாட்டில். குன்றின் மேல் சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, வேனுக்குள் கொசு. புடவைத் திரை கொசுவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

மறுநாள் மார்கழி ஒன்று. திருச்செந்தூரில் தரிசனம் முடிக்கும்போதே மழை. குமரிக்கடலில் மேலடுக்குச் சுழற்சி என்று போனில் செய்தி. "வந்த வழியே கடலோரமாத் திரும்பிடலாம்ங்க" என்றாள். "பெரிய ரோடு இருக்கறப்ப எதுக்குச் சுத்து?" என்று நான் திருநெல்வேலி ரோட்டில் விட்டேன்.

குரும்பூர் எட்டுவதற்குள் ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றது. கதவைத் திறந்தால் மெத்தை மிதக்க ஆரம்பித்தது. முதல் தடவையாக அவள் என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

டிராக்டரில் வந்த பையன்கள் கயிறு கட்டி இழுத்து, மேட்டில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்த்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பஸ் பக்தர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. விடிய விடியக் கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு வருஷ மழை ஒரே நாளில்! அந்த மழையோடு தாமிரபரணியும் கரைபுரண்டு, குளங்களும் உடைந்ததில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தீவாகிவிட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

திங்கட்கிழமை காலை எங்கள் பத்து கிலோ அரிசிதான் மண்டபத்தின் முதல் கஞ்சி. (அந்த 'இருக்கட்டும்' யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.) என் மனைவி புடவைத் திரையைக் கிழித்து ஒரு கைக்குழந்தைக்குத் தூளி கட்டிவிட்டு, சமையலில் இறங்கினாள். நான் காய் நறுக்கிய அழகைப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி என்ன படிச்சிருக்கீய?" என்றார். பி.காம். என்றேன். "அப்ப கத்தியை வெச்சிட்டு நோட்டை எடும்" என்றார்.

எழுதினேன். முதல் பக்கத்தில் பெட்ரோல், டீ, மணப்பாட்டு மீன். இரண்டாம் பக்கத்திலிருந்து பெயர்கள். யார் யாரைத் தேடுகிறார்கள், எந்த ஊர், எந்தத் தெரு. தண்ணீருக்குள் போகிற டிராக்டர், படகு எதுவானாலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். பதில் வந்தால் ஒரு டிக். படகா என்கிறீர்களா? ஆமாம் சார், கடலோரத்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டார்கள். படகு ரோட்டில் வருகிறது, என் வேன் தண்ணீரில் நிற்கிறது!

மூன்று நாளில் நாற்பதுக்குமேல் டிக் போட்டேன். எந்தப் பரீட்சையிலும் எனக்கு இவ்வளவு டிக் விழுந்ததில்லை. டிக் விழாதது ஒரே ஒரு பெயர். ஏரலில் இருக்கும் மகளைத் தேடிய பாட்டி. சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "வந்துச்சா?" என்று கேட்க மாட்டாள். நோட்டை மட்டும் பார்ப்பாள். எழுத்து தெரியாது, டிக் தெரியும்.

வியாழக்கிழமை, லாரிக்குப் பின்னால் வேனைக் கட்டிக்கொண்டு நாங்குநேரி வந்தோம். பாட்டியை ஏரல் பக்கம் போகிற டிராக்டரில் ஏற்றிவிட்டு, என் நம்பரை ஒரு தாளில் எழ்தி முந்தானையில் முடிந்துவிட்டிருந்தாள் என் மனைவி. நோட்டை அவளே அலமாரியில் வைத்தாள். சேறு காய்ந்த மெத்தையைத் தூக்கிப் போட்டோம். டூர் எப்படி என்று கேட்டவர்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தோம்.

பொங்கலுக்கு மறுநாள் போன் வந்தது.

"ஏய்யா, நாந்தான். மக, மருமவன், பிள்ளைய எல்லாரும் நல்லா இருக்காவ. வீடுதான் போச்சு. நோட்டுல போட்டுக்க."

என் மனைவி அதற்குள் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்துவிட்டாள்.

"ஆமா, அந்த வண்டி இன்னும் ஓடுதா?"

"ஓடுது பாட்டி. மழை பெய்யாத அன்னிக்கு."