விற்பவனுக்கும் வெட்டத் தெரிய வேண்டும்

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை, கொக்குவில் பக்கத்துத் தச்சர் ஒருவர் இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தார். மெலமைன் ஒட்டிய 18 மில்லிமீற்றர் பலகை. ஓரம் 45 பாகையில் வெகு சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தது. ஆனால் பார்ப்பவர் கண்ணில் படும் வெளிப்பக்கத்தில் கத்தியால் கீறியது போல ஒரு வெடிப்பு.

“நானா, நீங்க சொன்னபடிதான் நடுவில வைச்சு வெட்டினன். ஆறு பலகை பழுதாப் போச்சு. ஷோகேஸுக்கு அட்வான்ஸ் தந்த வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்லுறது?”

அந்த மெசினை இரண்டு மாதத்துக்கு முன் விற்றவன் நான்தான். “நடுவில் வைத்து வெட்டுங்கள்” என்று சொன்னவனும் நான்தான்.

வாசகர்களே, பிஸ்கட் ஜொயின்டர் என்றதும் தேத்தண்ணியோடு கடிக்கும் பிஸ்கட்டை நினைத்துவிட வேண்டாம். இது பீச் மரத்தை அழுத்திச் செய்த சிறிய நீள்வட்டத் தட்டு. கிரைண்டர் போன்ற மெசினின் சிறு வட்டவாள், பலகை ஓரத்தில் 4 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு காடி வெட்டும். இரு பலகையிலும் காடி வெட்டி, வெள்ளைப் பசை விட்டு, பிஸ்கட்டைச் செருகினால் அது ஈரத்தை உறிஞ்சி ஊதி இறுகிக்கொள்ளும். 1950களின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்துத் தச்சர் ஹெர்மன் ஸ்டெய்னர் கண்டுபிடித்த முறை இது. லமெல்லோ நிறுவனம் அவர் தொழிலில் இருந்து வந்ததுதான்.

நமது குடாநாட்டுத் தச்சர்கள் கைவேலையில் சளைத்தவர்கள் அல்லர். 1990களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாத காலத்திலும் உளியும் கொட்டானுமாகத் துளையும் கழுந்தும் எடுத்துக் கதவு நிலை செய்தவர்கள். அவர்களுக்குப் புதிது மெசின்தான். அதை விற்கும் நாம் அல்லவா விளக்க வேண்டும்?

எங்கே பிழைத்தது?

நேர்மூட்டுக்கு நடுவில் வெட்டுவது சரி. சாய்மூட்டுக்கு அது ஆகாது. கணக்கைப் பாருங்கள். 18 மில்லிமீற்றர் பலகையை 45 பாகையில் அறுத்தால் சரிவு முகம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் வரும். அதன் நடு, வெளிக்கூரில் இருந்து 12 மில்லிமீற்றர் சொச்சம். சரிவுக்குச் செங்குத்தாக வாள் இறங்கும்போது, கூரில் இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆழத்துக்குத்தான் மரம் உண்டு. 20ஆம் இலக்கப் பிஸ்கட்டின் அகலம் 23 மில்லிமீற்றர். அதில் பாதியை விழுங்க, காடி 12 மில்லிமீற்றர் ஆழம் வேண்டும். காடியின் தடிப்பையும் சேர்த்தால் வாள் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்காமல் என்ன செய்யும்?

ஆகவே காடியை உள்மூலைப் பக்கம் தள்ள வேண்டும். கூரில் இருந்து 17 அல்லது 18 மில்லிமீற்றரில் வைத்தால் போதிய மரம் மிஞ்சும். மெல்லிய பலகையானால் 10ஆம் இலக்கம் அல்லது 0 இலக்கப் பிஸ்கட் போதும்.

மெசினின் வழிகாட்டித் தகடு 90 பாகைக்கு மேல் விரியாவிட்டாலும் வழி உண்டு. இரண்டு பலகைகளின் வெளிப்பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, கூர்கள் ஒத்து நிற்கக் கிளாம்ப் போடுங்கள். இரு சரிவுகளும் கூரை முகடு போல 90 பாகையில் நிற்கும். தகட்டை 90 பாகையில் வைத்து ஒரு சரிவில் அமர்த்தி, மற்றச் சரிவில் வெட்டலாம். அளவு வெளிக்கூரில் இருந்தே எடுக்கப்படுவதால், பலகைத் தடிப்பில் சிறு வித்தியாசம் இருந்தாலும் வெளிமூலை பிசகாது. முதல் வெட்டு எப்போதும் கழிவுத் துண்டில்தான்.

இதை அன்றே கடைப் பின்புறத்தில் அவரும் நானும் நான்கு துண்டுகளைப் பாழாக்கித்தான் கண்டுகொண்டோம். ஐந்தாவது துண்டு சரியாக வந்தது. ஆறு பலகைக்கும் பணம் கொடுக்கப் போனேன். “நானும் பார்த்து வெட்டியிருக்க வேணும் நானா” என்று பாதிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

கடைக்காரர் கவனத்துக்கு

பிஸ்கட்டைத் திறந்த பெட்டியில் வைக்காதீர்கள். மாரி மழைக் காற்றின் ஈரத்திலேயே ஊதிவிடும்; பிறகு காடிக்குள் போகாது. காற்றுப் புகாத டப்பா வேண்டும். போர்மைக்கா ஒட்டும் பசையில் தண்ணீர் இல்லாததால் பிஸ்கட் ஊதாது. வெள்ளைப் பசையையே சேர்த்துக் கொடுங்கள்.

எல்லோருக்கும் இந்த மெசினை விற்கவும் கூடாது. அலுமாரி, ஷோகேஸ், பான்ட்ரி கப்போட் செய்பவருக்கு இது நேரத்தை மிச்சமாக்கும். வேம்பிலும் தேக்கிலும் கதவு, யன்னல் நிலை செய்பவர் வந்தால், “உங்கள் வேலைக்குக் கழுந்துதான் பலம்” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அன்றைய விற்பனை ஒன்று குறையும். ஆனால் அவர் அடுத்த முறை உளி வாங்க உங்களிடம்தான் வருவார்.

1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், 2009க்குப் பிறகு திரும்பிவந்து யாழ்ப்பாணத்தில் மீண்டும் கடை திறந்தவன் நான். அன்று என் கையில் முதல் இல்லை. “அவற்றை வாப்பா பொய் சொல்லி விக்கமாட்டார்” என்று பழைய வாடிக்கையாளர் சொன்ன சொல்தான் முதலாக இருந்தது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னதால் அந்த முதலை அன்று கொஞ்சம் கரைத்துவிட்டேன்.

இப்போது என் மேசையில் சரியாக வெட்டிய துண்டொன்றும் வெடித்த துண்டொன்றும் கிடக்கின்றன. மெசின் கேட்டு வருபவருக்கு விலை சொல்வதற்கு முன் அந்த வெடித்த துண்டைத்தான் கையில் கொடுக்கிறேன்.