ரோலிங் மில்லின் சத்தத்தைப் பிடித்த டேப்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த எந்தப் பழைய ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார்: ஓடும் பேரிங்கைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை பேரிங் ஹவுசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு நிற்பார்கள். கம்பி வழியே ஏறும் அதிர்வு, சுற்றியுள்ள இரைச்சலை ஒதுக்கிவிட்டு எலும்பு வழியாக உள்காதுக்குப் போய்விடும். அறிவியல்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்டவரின் நினைவில் மட்டுமே அது தங்கும். மூன்று மாதத்துக்கு முன் இதே பேரிங் எப்படி ஓடியது என்பதை இன்றைய சத்தத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவரோடு கிளம்பிவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பிய கருவிகளில் ஒன்று டிஜிட்டல் ஆடியோ டேப், சுருக்கமாக 'டாட்'. பாட்டுக் கேட்பவர்களுக்காகப் பிறந்த இந்தக் கருவி, 1990களில் ஆலைகளில் இரைச்சலையும் அதிர்வையும் அளப்பவர்களின் கைப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. சோனி, டீயாக் போன்ற நிறுவனங்கள் அளவீட்டுக்கென்றே பல சேனல் டாட் ரெக்கார்டர்களைத் தயாரித்தன. அதை ஆலைக்குள் கொண்டுபோய்ச் சரியாக இயக்குவது ஒரு தனிக் கைத்திறன். அந்தத் திறனைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் டேப்பே வேண்டியிருந்தது? நிமிடத்துக்கு 1,480 முறை சுழலும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24.7 சுற்று. பேரிங்கில் 8 குண்டுகள் இருந்தால், வெளி வளையத்தில் விழுந்த சிறு பள்ளத்தின் மீது குண்டுகள் ஏறி இறங்கும் வேகத்தை ஒரு மனக்கணக்கில் போடலாம்: சுற்று வேகம், குண்டுகளின் எண்ணிக்கை, 0.4 மூன்றையும் பெருக்கினால் சுமார் 79 ஹெர்ட்ஸ். உள் வளையம் என்றால் 0.4க்குப் பதில் 0.6, அதாவது சுமார் 118 ஹெர்ட்ஸ். பதிவைக் கணினியில் போட்டு அதிர்வெண் வாரியாகப் பிரித்தால், எந்த எண்ணில் முள் எழும்புகிறதோ அதுவே நோயின் பெயர்.

பழைய அனலாக் டேப் இங்கேதான் சறுக்கியது. டேப்பின் ஓட்டத்தில் ஒரு சதவீதம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் 79 ஹெர்ட்ஸ் முள் பக்கவாட்டில் கசிந்து, இயந்திரத்தில் இல்லாத குட்டி முட்களை உண்டாக்கும். அளவீட்டுக்காகச் செய்த எஃப்.எம். முறை ரீல் ரெக்கார்டர்களில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி 50 டெசிபலைத் தாண்டுவதே கடினம். டாட் இரண்டையும் ஒரே அடியில் தீர்த்தது. நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகள். இடைவெளி சுமார் 96 டெசிபல். டேப் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினாலும் கவலையில்லை. படித்த எண்கள் முதலில் நினைவகத்தில் சேர்ந்து, பிறகு குவார்ட்ஸ் படிகத்தின் தாளத்தில்தான் வெளியே வருகின்றன.

இவ்வளவு எண்களை ஒரு குட்டிக் கேசட்டில் எழுதிய விதம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது நகரும் வேகம் நொடிக்கு வெறும் 8.15 மில்லிமீட்டர். இந்த வேகத்தில் நிலையான ஹெட்டால் எதையும் எழுதி முடிக்க முடியாது. அதனால் வீடியோ ரெக்கார்டரைப் போல ஹெட்டையே சுழலவிட்டார்கள். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்கிறது. அதில் இரண்டு ஹெட்டுகள். டிரம்மின் கால்பங்குச் சுற்றளவை மட்டும் தழுவிப் போகும் டேப்பில் அவை சாய்வான கோடுகளாக எழுதிக்கொண்டே போகின்றன. டேப்புக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள வேகம் நொடிக்கு 3 மீட்டருக்கும் மேல். ஒரு கோட்டின் அகலம் 13.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நாலைந்து கோடுகள் அடங்கிவிடும். 2 மணி நேரக் கேசட்டில் இருப்பது சுமார் 60 மீட்டர் நாடா, கிட்டத்தட்ட 1.4 ஜிகாபைட்.

கோடு இவ்வளவு மெல்லியது என்றால் ஒரு தூசு போதுமே, பதிவு பாழாக? அதற்குத்தான் ரீட்–சாலமன் குறியீடு. இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. கூடுதல் எண்களைச் சேர்த்து எழுதி, தொலைந்த எண்களை அவற்றிலிருந்து திரும்பக் கணக்கிடும் முறை. டாட்டில் இதை இரண்டு அடுக்காகப் போட்டிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. இடது சேனலின் இரட்டைப்படை மாதிரிகள் ஒரு ஹெட் எழுதும் கோட்டிலும், ஒற்றைப்படை மாதிரிகள் அடுத்த ஹெட்டின் கோட்டிலும் போகின்றன. வலது சேனலில் இதுவே மாறிப் போகிறது. ஒரு ஹெட் முழுதாக அடைத்துக்கொண்டாலும் ஒன்றுவிட்டு ஒன்று மாதிரிகள் கிடைக்கும்; நடுவில் உள்ளதை ஊகித்து நிரப்பலாம். பாட்டுக்கு இது வரம். அளவீட்டுக்கோ ஆபத்து, ஏனென்றால் ஊகம் அளவீடு ஆகாது. பிழை எண்ணிக்கையைக் காட்டும் கருவியானால் அதைப் பார்க்காமல் பதிவை நம்பக் கூடாது.

இனி இந்தப் பெட்டியைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவருவோம். இங்கே முதல் எதிரி காற்றில் இருக்கும் ஈரம். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். பனிப்புள்ளி 24, 25 டிகிரியைத் தொடுவது இங்கே சாதாரணம். சென்னையிலிருந்து ஏ.சி. காரில் வரும்போது ரெக்கார்டரின் உலோக டிரம் 22 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். ஆலை வாசலில் கதவைத் திறந்ததும் அந்த டிரம்மின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். வழவழப்பான உலோகத்தில் ஈரம் பட்டால் டேப் ஒட்டிக்கொள்ளும், டிரம் சுழன்றுகொண்டே இருக்கும், டேப் கசங்கிவிடும். பல கருவிகளில் ஈரத்தை உணரும் சென்சார் இருக்கும். 'டியூ' என்ற விளக்கு எரிந்தால் பெட்டி எந்தப் பொத்தானுக்கும் அசையாது. ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டியதுதான். காரை விட்டு இறங்குமுன் பெட்டியையும் கேசட்டுகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிப்பது நல்ல வழி. ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்து வழிந்துவிடும்.

அதே பை இரண்டாவது எதிரியையும் தடுக்கும். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி ரோல்களுக்கு இடையே நசுங்கும்போது உதிரும் கறுப்புச் செதில் காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு. அதன் பொடி ஹெட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். கேசட் மாற்றுவதை ஆலைத் தளத்தில் செய்யக் கூடாது. கன்ட்ரோல் ரூமுக்குள் போய் மாற்ற வேண்டும்.

புது கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் நாடாவின் இறுக்கம் சீராகும். பதிவை நாடாவின் முதல் அங்குலத்திலேயே தொடங்காமல் அரை நிமிடமாவது வெற்றுப் பதிவு விட வேண்டும். டேப்பை இழுத்துச் சுற்றும்போது அதிகம் அடிபடுவது அந்த நுனிதான். நடுவே வெற்றிடம் விடாமல் தொடர்ந்து பதிந்தால் மட்டுமே நேரக் கணக்கு அறுபடாமல் ஓடும்.

மின்சாரம் பேட்டரியிலிருந்துதான். ஆலையின் பிளக்கில் சொருகினால் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் முனகல் ஏறும். பக்கத்தில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஓடினால் அதன் அதிர்வெண்ணும் கேபிளில் தொற்றும். எது இயந்திரத்தின் அதிர்வு, எது மின்சாரத்தின் வேலை என்று பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் இணைப்பை ஷார்ட் செய்து அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். முள் அப்படியே நின்றால் அது கேபிளில் ஏறியது. சென்சார் இல்லாதபோது மறைந்தால் மட்டுமே அது இயந்திரத்தினுடையது.

இதற்குப் பிறகுதான் லெவல். இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அனலாக் டேப்பில் சத்தம் எல்லை மீறினால் மெல்ல மெல்லத் திரியும். மீட்டர் சிவப்பைத் தொட்டாலும் சமாளித்துக்கொள்ளும். டாட் மீட்டரில் 0 டெசிபல் என்பது எண்கள் தீர்ந்துபோகும் இடம். அதற்கு மேல் போகும் அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். வெட்டுப்பட்ட அலை கணினியில் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வெண்களில் வரிசையாக முட்களைக் காட்டும். அடித்தள போல்ட் தளர்ந்த இயந்திரமும் இதே மாதிரி வரிசையைத்தான் காட்டும். லெவலைத் தவறாக வைத்ததற்காக நல்ல மோட்டாரின் அஸ்திவாரத்தைத் தோண்டவைக்கும் அபாயம் இது. பயந்து மிகக் குறைத்தாலும் நஷ்டம்: 6 டெசிபல் இறங்க இறங்க ஒரு பிட் போகிறது. 36 டெசிபல் கீழே வைத்தால் 16 பிட் கருவியில் 10 பிட்டுக்குத்தான் வேலை. உச்சம் −10, −12 அருகே நிற்பது நல்லது. லெவலைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும்; தானாக மாறும் லெவலில் எடுத்த பதிவுக்கு அளவீட்டில் மதிப்பே இல்லை.

இரைச்சல் பதிவில் லெவலுக்கு ஓர் அடையாளக் கல் உண்டு. கேலிப்ரேட்டர் என்ற கைக்கடக்கமான கருவியை மைக்கின் மேல் மாட்டினால் 1,000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் ஒலி தரும். அது 1 பாஸ்கல் அழுத்தம். அந்த பீப் ஒலியை டேப்பின் தொடக்கத்தில் பதிந்து, மீட்டரில் −34இல் நிறுத்தினால் 0 என்பது 128 டெசிபல் ஆகிறது. கம்பி வெட்டும் ஷியரின் திடீர் அடிக்கும் இடம் விட்டாயிற்று. அதன் பிறகு லெவல் குமிழைத் தொடவே கூடாது. நான் அதன் மேல் செல்லோடேப் ஒட்டிவிடுவேன். ஆலைத் தொழிலாளிக்கு 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற வரம்பும், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 என்று வகுத்த வரம்பும் பற்றி அந்தப் பதிவை வைத்துப் பேச வேண்டுமென்றால் இந்த பீப் ஒலி இருந்தே தீர வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மில்லில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோது போர்மேன் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்த பேரிங் போயிடுச்சின்னு நான் நேத்தே சொல்லிட்டேன். பொட்டி எதுக்கு?" என்றார்.

"அண்ணே, போயிடுச்சின்னு நீங்க சொன்னது சரிதான். எந்த வளையம், எவ்ளோ நாள் தாங்கும்னு பார்க்கணும்" என்றேன்.

"அப்போ லோடு இல்லாம ஒரு தபா ஓட்றேன், அதையும் எடுத்துக்கோ. ரெண்டும் வேற மாரி கத்தும்."

எந்தக் கையேட்டிலும் படிக்காத அந்த யோசனை மிகச் சரியானது. லோடு உள்ளபோதும் இல்லாதபோதும் எடுத்த இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டதில் வெளி வளையம்தான் என்று தெளிவானது. அன்றிலிருந்து ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வகையிலும் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பதிவு தொடங்குமுன் மைக்கில் குரலாலேயே சொல்லிவிடுவது இன்னொரு வழக்கம்: "மூணாம் ஸ்டாண்ட், மோட்டார் பக்கம், லோடு இல்லாம." ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஸ்டார்ட் ஐ.டி. போட வேண்டும். அந்த அடையாளம் டேப்பில் 9 நொடி நீளத்துக்கு எழுதப்படும். 200 மடங்கு வேகத்தில் தேடும்போதும் ஹெட் அதைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான் அவ்வளவு நீளம். பதிவுக்குத் தயாராக பாஸில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. டேப் நகராவிட்டாலும் டிரம் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

இத்தனை நுட்பமான கருவி வீடுகளுக்குள் ஏன் வரவில்லை? 1987இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதே இசைத்தட்டு நிறுவனங்கள் மிரண்டன. நகலெடுத்தாலும் தரம் குறையாத டேப் என்றால் இசைத்தட்டை யார் வாங்குவார்கள்? பாட்டின் ஒலியில் ஒரு சிறு அலைவரிசையை வெட்டியெடுத்து, அந்த அடையாளம் இருந்தால் பதிவு மறுக்கும் திட்டம் ஒன்று வந்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பு 1988இல் சோதித்து, அது இசையைக் கெடுக்கிறது என்று சொன்னதும் கைவிட்டார்கள். பிறகு நகலின் நகலைத் தடுக்கும் முறை வந்து, 1992இல் அமெரிக்கச் சட்டமும் ஆனது. அதற்குள் ஆர்வம் ஆறிவிட்டது. ஸ்டூடியோக்களிலும் கள ஆய்வாளர்களிடமும் மட்டும் டாட் வாழ்ந்தது. சோனியும் ஹியூலெட் பேக்கர்டும் இதே கேசட்டைக் கணினி பேக்கப்புக்கு மாற்றின; டி.டி.எஸ். என்ற அந்த வகைதான் அலுவலக சர்வர்களில் இன்னும் பல ஆண்டுகள் ஓடியது. ஒலிக்கான டாட் ரெக்கார்டர்களை 2005 டிசம்பரோடு சோனி நிறுத்திவிட்டது.

இப்போது 24 பிட் ரெக்கார்டர் சட்டைப் பையில் அடங்குகிறது. டிரம்மும் இல்லை, டியூ விளக்கும் இல்லை. கவலை, அலமாரிகளில் இருக்கும் பழைய கேசட்டுகளைப் பற்றியதுதான். அவற்றில் இருப்பது பழைய இயந்திரங்களின் ஆரோக்கியக் குறிப்பு மட்டுமில்லை. ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் எந்த இரைச்சலில் வேலை பார்த்தார்கள் என்பதற்கான சாட்சியமும்கூட. ஓடும் டெக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ரப்பர் ரோலர் கெட்டியாகிறது, ஹெட் தேய்கிறது. சாதாரண ஆடியோ டாட் கேசட் என்றால் டெக்கின் டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து நேராகக் கணினிக்கு, பதிந்த அதே மாதிரி வேகத்தில் மாற்ற வேண்டும். ஹெட்போன் துளையிலிருந்து எடுப்பது வீண். பேக்கப் டிரைவ்களில் சில மாடல்கள் தனி ஃபர்ம்வேர் இருந்தால் ஆடியோ கேசட்டையும் படிக்கும். பல சேனல் அளவீட்டுக் கேசட்டுக்கு அதே வகைப் பெட்டிதான் வேண்டும் என்பதால் மாற்றும் வேலையில் அவைதான் முதலில் வர வேண்டும். மாற்றுகிறவர் கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று தொடக்கத்தில் இருக்கும் பீப் ஒலியையும், "மூணாம் ஸ்டாண்ட்" என்ற குரலையும் வெட்டிவிடக் கூடாது. முதலாவது போனால் டெசிபல் கணக்கு போகும், இரண்டாவது போனால் அது எந்த மோட்டார் என்பதே தெரியாமல் போகும்.