பைக்கில் பின்னாடி உட்காருபவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? ‘பில்லியன் ரைடர்’ என்றால் யார்?

காலை எட்டு மணிக்கு மேல் திருப்பூர் அவினாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பைக்குக்கு பைக் பின் சீட்டிலும் ஒருவர் இருப்பார். மனைவியை பனியன் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு தன் கம்பெனிக்குப் போகிற கணவர், ஒரே லைன் வீட்டில் குடியிருக்கும் இரண்டு டெய்லர்கள், பஸ்ஸைத் தவறவிட்டு தெரிந்தவரிடம் லிஃப்ட் கேட்டு ஏறிய செக்கிங் அக்கா.

இப்படி பின்னாடி உட்கார்ந்து போகிறவருக்கு சட்டத்திலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஒரு பெயர் இருக்கு. அதுதான் ‘பில்லியன் ரைடர்’. நூறு கோடியைக் குறிக்கிற பில்லியனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இது குதிரை காலத்து வார்த்தை. தோலைக் குறிக்கும் ‘பெல்லிஸ்’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. குதிரை ஓட்டுபவருக்குப் பின்னால் இன்னொருவர் உட்காருவதற்காக, சேணத்துக்குப் பின்புறம் போடும் சின்ன மெத்தைக்கு அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் இருந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போய் ‘பில்லியன்’ ஆனது. அந்த மெத்தையில் பெரும்பாலும் உட்கார்ந்தது பெண்கள். மோட்டார் சைக்கிள் வந்ததும் பின் சீட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

சைக்கிளில் கதை கொஞ்சம் வேற. கேரியரில் உட்கார்ந்து போவதை நம்ம ஊரில் ‘டபுள்ஸ்’ என்போம். இரண்டு பேரும் சேர்ந்து மிதிக்கிற நீளமான சைக்கிளுக்கு ‘டேண்டம்’ என்று பெயர். அதில் பின்னால் இருப்பவர் பில்லியன் இல்லை, ‘ஸ்டோக்கர்’. நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போடுபவருக்கு இருந்த பெயர் அது. அதாவது பில்லியன் என்றால் வண்டியை ஓட்டாதவர், மிதிக்காதவர், பிரேக்கும் கையில் இல்லாதவர். விபத்து நடந்தால் தப்பு இவர் மேல் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இழப்பீடு என்று வரும்போது சிக்கல் அதிகம் இவருக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி டூவீலரில் ஓட்டுபவரோடு இன்னொருவர் மட்டும்தான் போகலாம். 129-வது பிரிவுப்படி நாலு வயசுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பின் சீட்டில் இருந்தாலும் சரி. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

பலருக்குத் தெரியாதது, 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் வரும் 123-வது விதி. பின் சீட் உள்ள பைக்கில் பிடித்துக்கொள்ள நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு, இந்த மூன்றும் இருக்கணும். பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தடுப்பு என்று விதியிலேயே எழுதியிருக்கு. நாம் ‘சாரி கார்டு’ என்று சொல்வது இதைத்தான். ‘லுக்’ கெடுது என்று அதைக் கழற்றிவிட்டு, துப்பட்டா போட்ட தங்கச்சியை பின்னாடி உட்கார வைத்துப் போகிறவர்கள், துணி தைத்தே பிழைக்கிற இந்த ஊரிலும் உண்டு.

இன்சூரன்ஸ் இருக்கே, போதாதா?

எந்த இன்சூரன்ஸ் என்பதைப் பொறுத்தது. சட்டப்படி கட்டாயமானது ‘தேர்ட் பார்ட்டி’ பாலிசி. நம்ம வண்டியால் பாதிக்கப்படும் வெளி ஆட்களுக்கானது அது. காசு கொடுக்காமல் பின் சீட்டில் வரும் பில்லியன் ரைடர், அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசிக்குள் வரமாட்டார் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும்போது பைக் மணலில் சறுக்கி விழுகிறது. எதிரில் வேறு வண்டி இல்லை. பின்னால் இருந்தவருக்கு கால் முறிவு. பைக்குக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால், அந்த இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை. இழப்பீடு கேட்டு வழக்கு போட்டால், கை காட்ட வேண்டியது வண்டியை ஓட்டியவரையும் உரிமையாளரையும்தான். அது கணவராக இருக்கலாம், லிஃப்ட் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டு அண்ணனாகவும் இருக்கலாம்.

அதே பைக்குக்கு ‘காம்ப்ரஹென்சிவ்’ அல்லது ‘பேக்கேஜ்’ பாலிசி இருந்தால் நிலைமை வேற. அதில் பில்லியன் ரைடரும் அடங்குவார் என்று 2009 நவம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பியது. லாரியோ காரோ வந்து மோதி, தப்பு அந்த வண்டி மேல் இருந்தாலும் பிரச்சினை இல்லை. அந்த வண்டிக்கு பில்லியன் ரைடர் வெளி ஆள்தான், அதன் தேர்ட் பார்ட்டி பாலிசியில் இழப்பீடு கேட்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். ஷோரூமில் வழக்கமாக அதோடு ஒரு வருட ‘ஓன் டேமேஜ்’ சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்காமல், “அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல” என்று விட்டுவிடுகிறோம். அதன் பிறகு கையில் மிச்சம் இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். டிராஃபிக் போலீஸ் கேட்டால் அது போதும், பின் சீட்டில் இருப்பவருக்குப் போதாது. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்து காப்பீடும் உரிமையாளரே வண்டியை ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான்.

அதனால் பாலிசியைப் புதுப்பிக்கும்போது ‘பில்லியன்’ அல்லது ‘அன்நேம்டு பேசஞ்சர்’ என்ற வரி இருக்கா என்று பார்க்கணும். இல்லாவிட்டால் கூடுதல் பிரீமியம் கட்டி சேர்க்க முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ட்ரிபிள்ஸ் போனால்?

அபராதம் உண்டு, சந்தேகமே வேண்டாம். ஆனால் மூணு பேர் போன ஒரே காரணத்துக்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது. டெல்லி வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் அப்படிக் குறைத்ததை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மூன்றாவது ஆள் இருந்ததால்தான் விபத்து நடந்தது, அல்லது அதனால்தான் பாதிப்பு அதிகமானது என்று நிரூபிக்கணும் என்றது.

கம்பெனிக்குப் போகிற வழியில் நடந்தால்?

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. வீட்டில் இருந்து வேலைக்குப் போகும்போதோ, முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்தையும் வேலை தொடர்பான விபத்தாகக் கருதலாம் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் திருத்தம் வந்தது. வண்டியை யார் ஓட்டினார்கள் என்பது இதில் கேள்வி இல்லை. விபத்து நடந்த நேரமும் இடமும் வேலையோடு பொருந்தி வரணும், அவ்வளவுதான். வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போய், அங்கே விபத்து என்றால் கேள்வி வரும்.

அதனால் விபத்து நடந்த உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நடந்தது என்பதைப் பதிவு செய்ய வைக்கணும். ஆஸ்பத்திரியில் கேட்கும்போது “பைக்கில் பின்னாடி உட்கார்ந்து வேலைக்குப் போனேன்” என்று உள்ளதை அப்படியே சொல்லணும். பிறகு கேஸ் நடக்கும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.